டிரம் லேபிளில் மாறிய ஒரு சாலைப் பெயர்

சீனாவில் வாங்கிய அபாமெக்டின் டெக்னிக்கல் (சிலந்தியைக் கொல்லும் பூச்சிமருந்தின் அடர்த்தியான மூலப்பொருள்) ஒருவழியாக ஓசூர் வந்து சேர்ந்துவிட்டது, ரோஜாவில் சிவப்புச் சிலந்தி ஏறும் பருவம் பாதி போனபிறகு. இறக்குமதிப் பதிவுச் சான்று, ஐஇசி (இறக்குமதி-ஏற்றுமதியாளர் குறியீட்டு எண்), பில் ஆஃப் என்ட்ரி (சுங்கத்தில் தரும் சரக்கு விவரப் படிவம்) எதிலும் சிக்கல் இல்லை. மாட்டியது டிரம்மில் ஒட்டியிருந்த முகவரியில்.

1968 பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, பதிவில்லாத மருந்தை நாட்டுக்குள் விடாது. அந்தப் பதிவு மருந்தின் பெயருக்கு மட்டும் தருவதல்ல, அதைத் தயாரிக்கும் ஆலைக்கும் சேர்த்தே தருவது. ஆலை மாறினால் கலப்பு மாசுகள் மாறலாம், அதனால் சோர்ஸ் முக்கியம். எலிக்கு உடல் எடையில் கிலோவுக்குச் சில மில்லிகிராமே உயிரைப் பறிக்கும் பொருள் இது. இந்த விதியை நான் குறை சொல்லமாட்டேன்.

சோதனையின்போது சுங்க அதிகாரி 25 கிலோ டிரம் ஒன்றைத் திருப்பி வைத்தார். மண்டை ஓடு, சிவப்பு முக்கோணம், பேட்ச் எண், காலாவதித் தேதி எல்லாம் சரி. கடைசி வரியில் விரலை வைத்தார். சான்றில் ஒரு சாலைப் பெயர், டிரம்மில் வேறு சாலைப் பெயரும் புதுக் கதவு எண்ணும். "ஆலையே இடம் மாறிடுச்சா?" என்று கேட்டார். நியாயமான சந்தேகம். 2019 மார்ச்சில் சீனாவின் ஜியாங்சு மாகாணத்து ஷியாங்ஷுய் ஆலை வெடிப்பில் 78 பேர் இறந்தபிறகு, அங்கே பல ரசாயன ஆலைகளை மூடினார்கள்.

சப்ளையரைக் கேட்டால், "அதே கம்பெனி, அதே கேட், நகராட்சி சாலைக்குப் பெயர் மாற்றிவிட்டது" என்கிறார். எப்போது? போன வருடமே! எங்களுக்கு ஒரு மெயில் போட்டிருந்தால் சரக்கு ஏறுமுன்பே சான்றில் திருத்தம் வாங்கியிருப்போம்.

திருத்தத்துக்குப் போன அலுவலகத்தில் முதலில் "கம்பெனி லெட்டர் போதும்" என்றார்கள். கொண்டுபோனோம். "அவங்க ஊர் அரசாங்கத்தோட சான்று வேணும், தூதரக முத்திரையோட" என்றார்கள். அது வந்ததும், சீன மொழியில் இருக்கிறது, நோட்டரி மொழிபெயர்ப்பு எங்கே என்றார்கள். மூன்றையும் முதல் நாளே ஒரு தாளில் எழுதித் தந்திருக்கலாம். அடுத்த முறை போகிறவர்கள் குறையை வாய்வழியாகக் கேட்டுக்கொண்டு திரும்பாதீர்கள். மெயிலில் கேளுங்கள், பதில் வராவிட்டால் நீங்களே "இன்று சொன்னது இது" என்று எழுதி அனுப்பிவிடுங்கள். நாங்கள் அப்படி அனுப்பியபிறகுதான் புதுக் குறை வருவது நின்றது.

இதற்குள் பணம் இரண்டு பக்கம் ஓடியது: சரக்கு கிடக்கும் இடத்துக்கான வாடகை ஒன்று, கன்டெய்னரைத் தாமதமாகத் திருப்பித் தருவதற்குக் கப்பல் கம்பெனி போடும் டிடென்ஷன் கட்டணம் இன்னொன்று. 6.1 வகை நச்சுச் சரக்கு என்பதால் வாடகையும் கூடுதல். இங்கே காப்பாற்றியது சுங்கச் சட்டத்தின் 49ஆம் பிரிவு. கிளியரன்ஸ் தாமதமாகும் என்றால் உதவி ஆணையரிடம் மனுப்போட்டு, சரக்கைக் கிடங்குக்கு மாற்றி, காலி கன்டெய்னரைத் திருப்பிவிடலாம். முதலில் 30 நாள், பிறகு நீட்டிப்பு. இதை எங்கள் கிளியரிங் ஏஜென்ட் சொல்லவே இல்லை. வேறொரு நிறுவனத்து நண்பர் சொன்னார். நச்சுச் சரக்கை எல்லாக் கிடங்கிலும் ஏற்கமாட்டார்கள், "பூச்சிமருந்தா, வேண்டாம் சார்" என்று போனை வைத்தவர்கள் உண்டு. கப்பல் கிளம்பும்போதே ஒரு கிடங்கைப் பேசி வையுங்கள்.

இன்னொன்று: பூச்சிமருந்தை நினைத்த துறைமுகத்தில் இறக்க முடியாது. எங்கே இறக்கலாம் என்று 1971 பூச்சிக்கொல்லி விதிகளில் 45ஆம் விதி சொல்கிறது. வாடகை குறைவு என்று துறைமுகத்தை மாற்றுமுன் அதைப் பாருங்கள்.

சரக்கிலிருந்து எடுத்து முத்திரையிட்ட சாம்பிள் ஆய்வகத்துக்குப் போய்த் தேறி வந்தது, அதில் ஒரு கேள்வியும் இல்லை. சரக்கு சுத்தம்தான் என்று எங்களுக்கு முதல் நாளிலிருந்தே தெரியும், ஆனாலும் அந்த அறிக்கையைப் பார்த்தபோது வந்த நிம்மதி பெரிது.

அடுத்த ஆர்டரில் ஒரு நிபந்தனை சேர்த்திருக்கிறேன். டிரம் லேபிள், இன்வாய்ஸ், பகுப்பாய்வுச் சான்று, பில் ஆஃப் லேடிங் (கப்பல் கம்பெனி தரும் சரக்கு ரசீது) வரைவு நான்கையும் எங்கள் பதிவுச் சான்றோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு நான் சரி சொல்லும்வரை சரக்கு ஆலையை விட்டு நகரக்கூடாது. சப்ளையர் முணுமுணுத்தார். நேற்று நான்கும் வந்துவிட்டன.