ஒரு நூல் தட்டுது தம்பி

பெட்ரூம்ல தூணுக்கும் சுவத்துக்கும் நடுவுல ஒரு சந்து சும்மாவே கெடந்துச்சு, அதுல ஒரு புக் ஷெல்ஃப் செஞ்சு சொருகிடலாம்னு போன மாசம் இறங்கினேன். மேல டேப் வெச்சுப் பாத்தா சரியா மூணடி, அதாவது 914 எம்எம். நாலு எம்எம் லூஸ் விட்டு 910-ல பொட்டி அடிக்கச் சொல்லிட்டு, நம்ம கணக்கு எவ்ளோ பக்கானு எனக்கு நானே பெருமைப்பட்டுக்கிட்டேன்.

பொட்டி ரெடியாச்சு, ரெண்டு பேர் தூக்கி வெச்சு தள்ளினா பாதிக்கு மேல போகல. கார்பெண்டர் அண்ணன் குனிஞ்சு பாத்துட்டு "ஒரு நூல் தட்டுது தம்பி"ன்னாரு.

ஒரு இஞ்சுல எட்டு பங்கு போட்டா அதுல ஒண்ணுதான் நூல். இஞ்ச் 25.4 எம்எம், அப்போ நூல் மூணு எம்எம்முக்கு துளி ஜாஸ்தி. நான் போய் திரும்ப அளந்தா, பொட்டிக்கு ரெண்டு பக்கமும் ஒட்டின மைக்கா ஆளுக்கு ஒரு எம்எம், அதை நான் கணக்குலயே எடுக்கல, ஆக 912. சுவரு நடுவுல பூச்சு வயிறு தள்ளிட்டு நிக்குது, அங்க சந்து 909 தான். வித்தியாசம் மூணு! மனுஷன் கண்ணாலயே சொல்லிட்டாரு, நான் மேல ஒரே எடத்துல அளந்துட்டு கணக்குப்புலி மாதிரி சுத்திட்டு இருந்தேன். மேல, நடு, கீழனு மூணு எடத்துல அளந்து சின்னதைத்தான் எடுக்கணுமாம், இதை முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல.

நம்ம ஊரு அளவே ஒரு கூத்துதான். ப்ளைவுட் எட்டுக்கு நாலு அடினு கேப்போம், அதே பலகையோட கனத்தை மட்டும் 18 எம்எம், 12 எம்எம்னு கேப்போம். கம்பியும் அப்படித்தான், கடையில 10 எம்எம், 12 எம்எம், சைட்ல பழைய மேஸ்திரிங்க மூணு நூல் கம்பி, நாலு நூல் கம்பிம்பாங்க. நாலு நூல்னா அரை இஞ்ச், 12.7 வரணும், கைக்கு வர்றது 12. முக்கால் எம்எம் தானேனு தோணும், ஆனா குறுக்கு வெட்டுல பாத்தா இரும்பு பத்துல ஒரு பங்கு கம்மி. கம்பி எடை சரியா இருக்கானு பாக்க ஒரு கணக்கு இருக்கு, எம்எம்மை அதே எம்எம்மால பெருக்கி 162-ஆல வகுத்தா ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோனு வந்துடும். 12 எம்எம்முக்கு 0.89 கிலோ. வீடு கட்டுறவங்க இதை போன்ல சேவ் பண்ணி வெச்சுக்கோங்க.

இன்னொரு அசிங்கம். என் டேப் முனையில இருக்கிற கொக்கி லொடலொடனு ஆடுதுனு கட்டிங் ப்ளேயர் வெச்சு நசுக்கி டைட் பண்ணியிருந்தேன். அண்ணன் அதை வாங்கிப் பாத்துட்டு "இதோட மூக்கை யாரு நசுக்கினது"ன்னு கேட்டாரு. அந்த ஆட்டம் வேணும்னே விட்டதாம். கொக்கியோட கனம் எவ்ளோவோ அவ்ளோதான் ஆடும், வெளிய மாட்டி இழுத்தாலும் உள்ள முட்டி அளந்தாலும் ஒரே அளவு வர்றதுக்கு. இருபது வருஷமா டேப் பிடிக்கிறேன், தெரியாது.

சரினு உளி வெச்சு பூச்சைக் கொத்த ஆரம்பிச்சப்போ மழை பிடிச்சுக்கிச்சு, கரண்டும் போச்சு, வேலை அடுத்த நாளுக்குப் போச்சு. மறுநாள் பேப்பர்ல 3 சென்டிமீட்டர் மழைனு போட்டிருந்தான், அதாவது 30 எம்எம். ஒரு சதுர மீட்டர்ல ஒரு எம்எம் மழைனா சரியா ஒரு லிட்டர் தண்ணி, எங்க மொட்டை மாடி ஆயிரம் சதுர அடி, கிட்டத்தட்ட 93 சதுர மீட்டர், அப்போ ஒரே ராத்திரியில 2800 லிட்டர் குழாய் வழியா தெருவுக்கு ஓடியிருக்கு. அம்மாகிட்ட சொன்னேன், "முதல்ல அந்த ஷெல்ஃபை உள்ள தள்ளு, அப்புறம் மழையை அளக்கலாம்"னாங்க.

தள்ளியாச்சு. மேல மட்டும் ரெண்டு எம்எம் சந்து நிக்குது. நேத்து ஈபி அட்டை அதுக்குள்ள விழுந்து, ஸ்கேலை விட்டு அரை மணி நேரம் நோண்டிட்டு இருந்தோம்.