ஐந்து இதழா, ஆறு இதழா: கீழாநெல்லியோடு என் ஆய்வு ஆண்டுகள்

கீழாநெல்லியைச் சின்ன வயதிலிருந்தே தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். ஊரில் யாருக்காவது காமாலை என்றால் அப்பத்தா வரப்பிலிருந்து பிடுங்கி வந்து, அரைத்து மோரில் கலந்து கொடுப்பார். அதனால் முனைவர் பட்டத்துக்கு அதன் வேதிப்பொருள்களை எடுத்துக்கொண்டபோது, செடி எது என்ற கேள்வியே எனக்கு எழவில்லை. நாட்டு மருந்துக் கடையில் காய்ந்த செடி இரண்டு கிலோ வாங்கினேன். பொடித்து ஹெக்சேன் என்ற கரைப்பானில் ஊறவைத்து, வேலையை ஆரம்பித்துவிட்டேன்.

நான் தேடியது கீழாநெல்லியில் உள்ள ஃபில்லாந்தின் என்ற வேதிப்பொருளை. முதல் மூட்டையில், சாற்றில் உள்ள பொருள்களைத் தனித்தனிப் புள்ளிகளாகப் பிரித்துக் காட்டும் டி.எல்.சி. தட்டில் அதன் புள்ளி நன்றாக எழும்பியது. அடுத்த மூட்டையில் நிழலாட்டமாகத்தான் தெரிந்தது. கரைப்பானை மாற்றினேன், சூட்டைக் குறைத்தேன், ஏழெட்டு மாதம் போனது. ஒருநாள் கைடு கேட்டார்: “ஹெர்பேரியம் தாள் எங்கேம்மா?” செடியை அழுத்தி உலர்த்தி, அடையாளத்துக்காக ஒட்டி வைக்கும் தாள் அது. என்னிடம் இருந்ததோ பொடி. பொடிக்கு யார் பெயர் சொல்வார்கள்?

அந்த நவம்பரில், மழை விட்டதும் நானே வயலுக்குப் போனேன். மூன்று இடங்களில் வேர், பூ, காய் எல்லாம் இருக்கும்படி செடி எடுத்தேன். செய்தித்தாள் மடிப்பில் வைத்து அழுத்தி, தினமும் தாளை மாற்றி உலர்த்தினேன். கோயம்புத்தூரில் உள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வகத்துக்கு அனுப்பினேன். இரண்டு இடத்துச் செடிகள் ஃபில்லாந்தஸ் அமாரஸ், அதாவது நான் தேடிய கீழாநெல்லி. மூன்றாவது இடத்துச் செடி ஃபில்லாந்தஸ் டெபிலிஸ். பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். லென்ஸ் வைத்தால்தான் தெரியும்: அமாரஸ் பூவுக்கு இதழ் ஐந்து, டெபிலிஸுக்கு ஆறு. அமாரஸில் ஒரே இலைக்கக்கத்தில் ஆண்பூவும் பெண்பூவும் சேர்ந்தே இருக்கும். என் மூட்டைகளில் என்னென்ன கலந்திருந்தனவோ, அந்த மாதங்களின் முடிவுகளை அப்படியே ஒதுக்கி வைத்தேன். அன்று அழுதுவிட்டேன்.

ஆனால் இது என் ஆய்வேட்டோடு போகிற விஷயமில்லை. 1988இல் சென்னையில் பேராசிரியர் எஸ்.பி. தியாகராஜன் குழு, நோபல் பரிசு பெற்ற பாரூக் பிளம்பர்க்குடன் சேர்ந்து ‘லான்செட்’ மருத்துவ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டது. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமியைச் சுமந்தவர்களுக்கு அமாரஸ் பொடி 30 நாள் கொடுத்தார்கள். 37 பேரில் 22 பேருக்குக் கிருமியின் அடையாளம் இரத்தத்தில் மறைந்தது. வெறும் மாத்திரை பெற்ற 23 பேரில் ஒருவருக்குத்தான் அப்படி. பிறகு வேறு இடங்களில் நடந்த சோதனைகளில் அதே பலன் கிடைக்கவில்லை. எந்தச் செடி, எங்கே வளர்ந்தது என்ற கேள்வி அந்த விவாதத்தில் திரும்பத் திரும்ப வந்தது. அதைப் படித்த பிறகு என் தாளில் எழுதியிருந்த ஐந்து இதழுக்கு எவ்வளவு கனம் என்று புரிந்தது.

அப்புறம் சரியான இலையோடு மறுபடி தொடங்கினேன். சிலிக்கா நிரப்பிய கண்ணாடிக் குழாயில் சாற்றை ஏற்றி, ஹெக்சேனில் எத்தில் அசிட்டேட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே இறக்கினேன். ஃபில்லாந்தினும் அதே செடியில் உள்ள ஹைப்போஃபில்லாந்தினும் அக்கா தங்கைபோல ஒட்டிக்கொண்டே இறங்கும். மூன்றாவது குழாயில்தான் பிரிந்தன. குப்பியின் அடியில் வெள்ளைப் படிகம்.

மூலக்கூறின் கார்பன்களைக் கோடுகளாகக் காட்டும் என்.எம்.ஆர். படம் வந்தது. எண்ணினேன். ஃபில்லாந்தினில் 24 கார்பன் இருக்க வேண்டும், படத்தில் 12 கோடுகள்தான். மறுபடியும் செடி தவறிவிட்டதோ என்று கை நடுங்கியது. மூலக்கூறு நிறை அளவீடு மட்டும் 418 என்று சரியாகவே சொன்னது. கைடு ஒரு காகிதத்தில் மூலக்கூறை வரைந்து நடுவில் மடித்தார். ஒரு பாதி அச்சு அசலாக மறுபாதியைப் போலவே. இரண்டு பாதியின் கார்பன்களும் ஒரே இடத்தில் கோடு போடுகின்றன, அதனால்தான் 12. அந்த மடித்த காகிதம் இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

இப்போது என்னிடம் ஆய்வுக்கு வரும் பிள்ளைகளுக்கு முதலில் கொடுப்பது ஒரு கைலென்ஸ். கடைச் சரக்கில் தொடங்க வேண்டாம் என்பேன். பூக்கும் பருவத்தில் செடியை முழுதாக எடுங்கள், எடுத்த இடமும் தேதியும் அன்றே தாளில் எழுதுங்கள், அடையாளச் சான்று கைக்கு வரும்வரை ஒரு கிராம்கூட அரைக்காதீர்கள். போன வாரம் ஒரு மாணவி வரப்பிலேயே உட்கார்ந்து எண்ணிவிட்டுக் கத்தினாள்: “மேடம், இதுல ஆறு!” அந்தச் செடியையும் தனித் தாளில் ஒட்டி வைத்திருக்கிறோம்.