சார்ல்டன் சகோதரர்களுக்கு நான் வைத்த தலைப்புகள்

2020 ஜூலை 11, சனிக்கிழமை. ஊரடங்கு காலம். விளையாட்டுப் பிரிவில் நானும் பக்க வடிவமைப்பாளரும் மட்டுமே அலுவலகத்துக்கு வந்திருந்தோம். நான்கு மாதங்களாகக் கிரிக்கெட்டே இல்லாமல் காய்ந்து கிடந்த எங்கள் பக்கத்துக்கு அந்த வாரம்தான் உயிர் வந்திருந்தது. சௌத்தாம்ப்டனில் இங்கிலாந்துக்கும் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் டெஸ்ட் நடந்துகொண்டிருந்தது. அன்று நான்காம் நாள். மேல்பாதியை அதற்கு ஒதுக்கிவிட்டு, கீழ்ப்பாதிக்கு என்ன செய்யலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தபோது அந்தச் செய்தி வந்தது. ஜாக் சார்ல்டன் முந்தைய நாள் காலமாகிவிட்டார். வயது 85.

1966-இல் கால்பந்து உலகக் கோப்பையை வென்ற இங்கிலாந்து அணியில் அண்ணனும் தம்பியும் சேர்ந்து ஆடினார்கள். அண்ணன் ஜாக் தடுப்பாட்டக்காரர். தம்பி பாபி நடுக்களத்திலிருந்து பாய்ந்து வந்து கோல் அடிப்பவர். பின்னாளில் இருவரும் பல ஆண்டுகள் ஒட்டுறவில்லாமல் இருந்தார்கள் என்பதும் எனக்குத் தெரியும். இருபது நிமிடத்தில் எழுதி முடித்தேன். ‘தம்பியோடு தீராத பகை: ஜாக் சார்ல்டன் மறைந்தார்’ என்று தலைப்பு. நடுவில் ஒரு பெட்டிச் செய்தி. அதற்கு ‘மாமியார் – மருமகள் சண்டையால் பிரிந்த சகோதரர்கள்’ என்று பெயர் வைத்தேன். கை பழகிய வேலை, யோசிக்கவே இல்லை.

எங்கள் பிழை திருத்துநர் அப்போது வீட்டிலிருந்தே பக்கங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓய்வுபெற்ற தமிழாசிரியர். சிவகங்கைப் பக்கத்துக் கிராமத்துக்காரர். கால்பந்தில் அவருக்கு நாட்டம் கிடையாது. வெளியூர்ப் பதிப்பு அச்சுக்குப் போன பிறகு அவரிடமிருந்து தொலைபேசி வந்தது.

“தம்பி, பகை என்று போட்டிருக்கிறீர்கள். இவர்கள் வழக்கு நடத்தினார்களா? அடித்துக்கொண்டார்களா?”

“அதெல்லாம் இல்லை ஐயா. தம்பி அம்மா வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டார். அதில் அண்ணனுக்குக் கோபம்.”

“அப்படியானால் போக்குவரத்து இல்லை என்றுதானே சொல்ல வேண்டும்? பகை என்றால் ஒருவன் எப்போது விழுவான் என்று மற்றவன் காத்திருப்பது. இந்த அண்ணன் அப்படிக் காத்திருந்தாரா?”

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. நகரப் பதிப்பில் ‘பகை’யை எடுத்துவிட்டேன். பெட்டிச் செய்தியைத் தொடவில்லை. நேரம் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் பத்து நிமிடம் இருந்தது.

அந்தப் பத்து நிமிடம் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. அடுத்த சில வாரங்கள், இரவு வேலை முடிந்த பிறகு, இந்தச் சகோதரர்களைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். முன்பே படித்திருக்க வேண்டியவை.

வடகிழக்கு இங்கிலாந்தில் நார்த்தம்பர்லண்டைச் சேர்ந்த நிலக்கரிச் சுரங்க ஊர் ஆஷிங்டன். தந்தை சுரங்கத் தொழிலாளி. பந்தாட்டத்தைவிடக் குத்துச்சண்டையில் விருப்பம் உள்ளவர். ஆட்டம் வந்தது தாய் வழியில். தாய் சிஸ்ஸி, மில்பர்ன் குடும்பத்துப் பெண். அவருடன் பிறந்த நான்கு பேர் தொழில்முறை ஆட்டக்காரர்கள். நியூகாசில் ரசிகர்கள் தலைமேல் வைத்துக் கொண்டாடிய ஜாக்கி மில்பர்ன் அவருக்கு ஒன்றுவிட்ட சகோதரர். நம் வழக்கில் சொன்னால், மாமன் வீட்டுச் சீராகப் பந்தைப் பெற்ற பிள்ளைகள் இவர்கள்.

1935-இல் பிறந்த ஜாக் தூண்டிலும் கையுமாக ஆற்றங்கரைகளில் திரிந்தார். 1937-இல் பிறந்த பாபி அமைதியான பிள்ளை. பள்ளிப் பருவத்திலேயே பெரிய கிளப்புகளின் ஆட்கள் பாபியைத் தேடி அந்த வீட்டுக்கு வந்தார்கள். ஜாக்கைத் தேடி அப்படிக் கூட்டம் வரவில்லை. அவர் பதினைந்து வயதில் சுரங்கத்தில் வேலைக்குச் சேர்ந்தார். இருண்ட அந்த வேலை பிடிக்காமல் விட்டார். போலீஸ் வேலைக்கு விண்ணப்பித்தார். நேர்காணலும் லீட்ஸ் யுனைடெட் கிளப்பின் தேர்வு ஆட்டமும் ஒன்றோடொன்று மோதின. ஜாக் ஆட்டத்துக்குப் போனார். அதன் பிறகு அவர் வேறு கிளப்புக்கு ஆடவே இல்லை. லீட்ஸ் சட்டையில் 629 லீக் ஆட்டங்கள்! பாபியும் 1973 வரை அப்படித்தான் ஒரே கிளப்பில் ஊன்றி நின்றார். மான்செஸ்டர் யுனைடெடுக்காக 758 ஆட்டங்கள், 249 கோல்கள். அந்த இரண்டு கிளப்புகளுக்கும் அறுபதுகளில் ஆகவே ஆகாது. அண்ணன் தம்பி போட்டி என்று பத்திரிகைகள் எழுதியதற்கு முதல் காரணம் அவர்கள் அணிந்திருந்த சட்டைதான்.

1958 ஜனவரியில் ஜாக்கின் திருமணம். பாபி மாப்பிள்ளைத் தோழனாக நின்றார். ஒரு மாதம் கழித்து, பிப்ரவரி 6 அன்று, மான்செஸ்டர் யுனைடெட் அணியை ஏற்றிக்கொண்டு மியூனிக்கில் எரிபொருள் நிரப்ப இறங்கிய விமானம், பனி படிந்த ஓடுபாதையிலிருந்து மேலே எழும்ப முடியாமல் நொறுங்கியது. 23 பேர் இறந்தார்கள். எட்டுப் பேர் பாபியோடு ஆடியவர்கள். பாபிக்கு அப்போது இருபது வயது. இருக்கையோடு வெளியே தூக்கி எறியப்பட்டுப் பிழைத்தார். தம்பி இருக்கிறானா இல்லையா என்று தெரியாமல் ஜாக், புது மனைவியையும் அழைத்துக்கொண்டு, லீட்ஸிலிருந்து அம்மாவைப் பார்க்க ஆஷிங்டனுக்குப் புறப்பட்டார். அதற்குப் பிறகு தம்பி சிரிப்பது நின்றுவிட்டது என்று ஜாக் பின்னாளில் சொன்னார். குடும்பத்தில் விழுந்த இடைவெளிக்குத் தேதி குறிக்க வேண்டுமென்றால், நான் என் பெட்டிச் செய்தியில் குறித்த தேதியைவிட இந்தத் தேதிக்கு அதிக உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

நான் திரும்பத் திரும்பப் படித்தது 1965-இல் நடந்த ஒரு நிகழ்ச்சியை. இங்கிலாந்துக் கிளப்புகள் மோதும் எஃப்.ஏ. கோப்பையின் அரையிறுதி. லீட்ஸும் மான்செஸ்டர் யுனைடெடும் மோதிய முதல் ஆட்டம் முடிவில்லாமல் போக, மறு ஆட்டம் நாட்டிங்காமில் நடந்தது. ஒரே கோலில் லீட்ஸ் வென்றது. ஆட்டம் முடிந்ததும் லீட்ஸ் மேலாளர் டான் ரெவி, ஜாக்கிடம் ஒரு செய்தி சொன்னார். ஸ்காட்லாந்துக்கு எதிராக ஆடப்போகும் இங்கிலாந்து அணிக்கு அவர் தேர்வாகியிருக்கிறார். ஜாக்குக்கு முப்பது வயது ஆகப்போகிறது. தம்பி இங்கிலாந்துக்கு ஆடத் தொடங்கி ஏழு ஆண்டுகள் ஆகிவிட்டன. இனி நமக்கு வாய்ப்பில்லை என்று ஒரு ஆட்டக்காரர் மனத்தைத் தேற்றிக்கொள்ளும் வயது அது.

ஜாக் நேராக எதிரணியின் உடைமாற்றும் அறைக்குப் போனார். உள்ளே மான்செஸ்டர் யுனைடெட் ஆட்டக்காரர்கள் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார்கள். இறுதிப் போட்டிக்குப் போகும் வாய்ப்பைச் சற்று முன்புதான் இவருடைய அணி பறித்திருந்தது. அவர்கள் நடுவில் நின்று, இங்கிலாந்து அணிக்குத் தேர்வாகிவிட்டேன் என்று தம்பியிடம் சொன்னார். அறை அப்படியே அடங்கிப்போனது. பாபி வாழ்த்தினார். இன்னொருவர், இங்கிருந்து போய்விடு என்றார்.

இதை முதன்முறை படித்தபோது நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். பிழை திருத்துநர் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். முப்பது வயது வரை காத்திருந்து கிடைத்த செய்தியை முதலில் யாரிடம் சொல்ல வேண்டும் என்பதில் அந்த மனிதருக்கு ஒரு கணமும் தயக்கம் இல்லை. எதிரணி, தோல்வி, மரியாதை எதுவும் அவர் நினைவில் இல்லை. தம்பி அங்கே இருக்கிறான், அவ்வளவுதான். பகை என்ற சொல்லை எந்த இடத்தில் வைத்து நான் எழுதினேன் என்று வெட்கமாக இருந்தது.

அடுத்த ஆண்டு ஜூலை 26 அன்று வெம்பிளியில் போர்ச்சுகலுக்கு எதிரான உலகக் கோப்பை அரையிறுதி. இங்கிலாந்தின் இரண்டு கோல்களையும் பாபி அடித்தார். தந்தை அந்த ஆட்டத்தைப் பார்க்கவில்லை; சுரங்கத்தில் அவருக்கு ஷிப்ட் இருந்தது. இரண்டு மகன்கள் நாட்டுக்காக ஆடும் நாளில் அவர் நிலத்துக்கு அடியில் வேலை செய்துகொண்டிருந்தார். நான்கு நாள் கழித்து மேற்கு ஜெர்மனியை 4–2 என்று வென்றார்கள். கடைசி விசில் ஊதியதும் ஜாக் அந்த உயரத்தோடு புல்லில் மண்டியிட்டுச் சரிந்தார், பாபி அழுதார்.

பிரிவைப் பற்றி இருவரும் தாங்களே எழுதியது இதுதான். பாபியின் திருமணம் 1961-இல் நடந்தது. அவருடைய மனைவிக்கும் தாய்க்கும் ஒத்துப்போகவில்லை. பாபி ஆஷிங்டனுக்கு வருவது குறைந்துகொண்டே போனது. தாய் சிஸ்ஸி 1996-இல் இறந்தார்; அவருடைய கடைசி ஆண்டுகளில் மகன் வந்து பார்க்கவில்லை. அதே ஆண்டில் வெளிவந்த வாழ்க்கைக் கதையில் ஜாக் இந்த ஆதங்கத்தைக் கொட்டினார். பாபி 2007-இல் தன் வாழ்க்கைக் கதையில் தன் தரப்பைச் சொன்னார். ஜாக்குக்கு அது இன்னொரு காயம்.

இந்த இடத்தில்தான் நான் செய்த தவறு எனக்கு முழுதாகத் தெரிந்தது. ‘மாமியார் – மருமகள் சண்டை’ என்பது தமிழில் தயாராக இருக்கும் சொற்றொடர். எந்த வீட்டுக் கதவிலும் ஒட்டிவிடலாம். வாசகர் உடனே தலையாட்டுவார். ஒட்டியவுடன் ஆண்கள் இருவரும் குற்றமற்றவர்கள் ஆகிவிடுகிறார்கள். அம்மாவைப் பார்க்கப் போவதா வேண்டாமா என்பது பாபி எடுத்த முடிவு. அதை ஊரறியச் சொல்வதா வேண்டாமா என்பது ஜாக் எடுத்த முடிவு. இரண்டும் வளர்ந்த மனிதர்கள் தெரிந்தே எடுத்த முடிவுகள். என் பெட்டிச் செய்தியிலோ பழியெல்லாம் இரண்டு பெண்கள் மேல். ஒருவர் உயிரோடு இல்லை. மற்றவர் தரப்புக்கு நான் ஒரு வரிகூடக் கொடுக்கவில்லை.

இருவரும் 1973-இல் தங்கள் கிளப்புகளை விட்டு விலகி மேலாளர் வேலைக்குப் போனார்கள். ஜாக் மிடில்ஸ்பரோவை முதல் பருவத்திலேயே இரண்டாம் டிவிஷன் பட்டத்தோடு மேலே கொண்டுவந்தார். பாபி பொறுப்பேற்ற பிரெஸ்டன் அதே பருவத்தில் கீழே இறங்கியது. ஜாக் பிறகு அயர்லாந்து அணிக்குப் பொறுப்பேற்றார். 1988 ஐரோப்பியக் கோப்பையில் ஸ்டுட்கார்ட்டில் அந்த அணி இங்கிலாந்தையே ஒரு கோலில் வீழ்த்தியது. 1990 உலகக் கோப்பையில் காலிறுதி வரை போனது. அயர்லாந்து அவருக்குக் கௌரவக் குடியுரிமை கொடுத்தது. பாபி மான்செஸ்டர் யுனைடெடின் இயக்குநர் ஆனார். 1994-இல் சர் பட்டம் பெற்றார். ஒருவரை ஒருவர் முந்தினார் என்று இதை எழுதலாம், நானும் எழுதியிருக்கிறேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. தனக்கு எது வரும் என்று இருவரும் தனித்தனியாகத் தேடிக் கண்டுபிடித்தார்கள்.

2008 டிசம்பரில் பிபிசி, பாபிக்கு வாழ்நாள் சாதனை விருது கொடுத்தது. மேடையில் அதை எடுத்துக் கொடுக்க வந்தவர் ஜாக். தான் பார்த்த ஆட்டக்காரர்களிலேயே சிறந்தவர் பாபிதான் என்று சொன்னார். என் தம்பி என்று சேர்த்துக்கொண்டார். பாபி கண்கலங்கினார். நள்ளிரவில் ஆளில்லாத அலுவலகத்தில் அந்தக் காட்சியை நான் எத்தனை முறை ஓடவிட்டேன் என்று கணக்கில்லை. பழையபடி போக்குவரத்து வந்துவிட்டதா என்று கேட்டால், இல்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் ஒரு முறை கதவு திறந்தது. அதைக் கண்ணால் பார்க்கலாம்.

அதே 2020 ஜூலை 21 அன்று ஜாக்கின் இறுதி ஊர்வலம். கொரோனா கட்டுப்பாடுகளையும் மீறி ஆஷிங்டன் தெருக்களில் மக்கள் திரண்டு நின்றார்கள். பாபி வரவில்லை, உடல்நலம் இடம் கொடுக்கவில்லை. ‘அண்ணனின் இறுதிச் சடங்குக்கும் வராத தம்பி’ என்று வைத்தால் எடுக்கும் என்றார் உடன் வேலை செய்யும் நண்பர். வேண்டாம் என்றேன். அவர் விடவில்லை, நானும் விடவில்லை. ‘உடல்நலக் குறைவால் பாபி வர இயலவில்லை’ என்ற வரி செய்தியின் கடைசியில், சின்ன எழுத்தில் போயிற்று. நவம்பரில் பாபிக்கு மறதி நோய் இருப்பதாக அறிவிப்பு வந்தது. ஜாக்குக்கும் அதே நோய் இருந்தது.

2023 அக்டோபர் 21. இந்தியாவில் உலகக் கோப்பை கிரிக்கெட். மும்பையில் தென்னாப்பிரிக்கா இங்கிலாந்தை 229 ரன் வித்தியாசத்தில் நசுக்கிய இரவு. மறுநாள் தர்மசாலாவில் இந்தியாவுக்கும் நியூசிலாந்துக்கும் ஆட்டம். பக்கத்தில் ஒரு விரல் வைக்கவும் இடமில்லை. அப்போது வந்தது பாபி சார்ல்டன் மறைந்த செய்தி. வயது 86. ஒரு விளம்பரத்தை உள்பக்கத்துக்கு நகர்த்தச் சொல்லிக் கெஞ்சினேன். மூன்று பத்தி அகலம் கிடைத்தது.

மியூனிக்கை எழுதினேன். நாட்டிங்காமின் உடைமாற்றும் அறையை எழுதினேன். ‘குடும்பத்தில் நெடுநாள் போக்குவரத்து இல்லாமல் இருந்தது, 2008-இல் அண்ணன் கையால் விருது வாங்கினார்’ என்று ஒரே வாக்கியம். பெட்டிச் செய்தி வைக்கவில்லை. ‘ஜாக்கின் தம்பி பாபி சார்ல்டன் மறைந்தார்’ என்று தலைப்பு வைத்தபோது, உலகப் புகழ் பெற்றவரை அண்ணன் பெயரால் அடையாளம் காட்டுவதா என்று இரவு ஆசிரியர் கேட்டார். அவர் மேடையில் கண்கலங்கியதைப் பார்த்தால் உங்களுக்குப் புரியும் சார் என்றேன். சற்று யோசித்துவிட்டு விட்டுவிட்டார்.

படத்துக்கு, இங்கிலாந்து சட்டையில் இருவரும் அருகருகே நிற்கும் பழைய கறுப்பு வெள்ளைப் படத்தைத் தேர்ந்தெடுத்தேன். வடிவமைப்பாளர் புதிதாகச் சேர்ந்தவர், சிறு வயதுப் பெண். படத்தைப் பெரிதாக்கி, இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இதில் யார் சார் அண்ணன்?”

“உயரமாக இருப்பவர். அவரை வெட்டிவிடாதீர்கள் அம்மா.”

“வெட்டவில்லை சார்” என்று சொல்லி, படத்தின் அகலத்தை இன்னும் கொஞ்சம் கூட்டினார்.