இரவில் சாப்பிடாமலே ஏறும் சர்க்கரை

தக்கலையிலிருந்து அம்மா விடிந்ததும் அழைத்தார். வெறும் வயிற்றில் சர்க்கரை 178. நேற்றிரவு மரச்சீனிக் கிழங்கைத் தொடவே இல்லை, கொஞ்சம் கஞ்சியும் சிறுபயறும்தான், பிறகு எப்படி ஏறியது என்று கேட்டபோது குரல் உடைந்தது. தன்மேல்தான் தவறு என்றே நினைக்கிறார். கேட்டு மனம் தாங்கவில்லை.

அம்மா, தவறு உங்கள் தட்டில் இல்லை. கணையத்தில் 1869-இல் ஜெர்மானியரான லாங்கர்ஹான்ஸ் கண்டறிந்த செல் திட்டுகள் இருக்கின்றன. அங்குள்ள பீட்டா செல்லுக்குள் குளுக்கோஸ் நுழைந்து எரிந்தால், செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி என்ற மூலக்கூறு பெருகும். அது பொட்டாசியம் வெளியேறும் வாயிலை அடைக்கும். செல்சவ்வின் மின்னழுத்தம் மாறும். கால்சியம் உள்ளே பாயும். இன்சுலின் நிரம்பிய நுண்பைகள் சவ்வோடு ஒட்டித் திறந்துகொள்ளும். நீங்கள் விழுங்கும் கிளிமிபிரைடு மாத்திரையும் அதே வாயிலைத்தான் அடைக்கிறது, சர்க்கரை குறைவாக இருந்தாலும்கூட. மாத்திரை போட்டுவிட்டுப் பட்டினி கிடக்காதீர்கள் என்று நான் நச்சரிப்பது அதனால்தான்.

பக்கத்திலுள்ள ஆல்பா செல்லைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை. அது சுரக்கும் குளுக்ககான், சர்க்கரையை வெளியே விடும்படி கல்லீரலை ஏவும். அருகில் சுரக்கும் இன்சுலின் அதை அடக்கி வைக்க வேண்டும். டைப் 2 நீரிழிவில் அந்தப் பிடி தளர்ந்துவிடுகிறது. கல்லீரலும் இன்சுலினின் சொல்லை முன்போலக் கேட்பதில்லை. நீங்கள் உறங்கும்போதும் அது இரத்தத்தில் சர்க்கரையைக் கொட்டிக்கொண்டிருக்கிறது.

ஞாயிறன்று வருகிறேன். சர்க்கரைக் குறிப்பேட்டை எடுத்து வையுங்கள், மருத்துவரிடம் சேர்ந்தே போவோம். சாளைக் குழம்பு வையுங்கள். கிழங்கு ஒரு துண்டு நானே உங்கள் தட்டில் வைக்கிறேன்.