காணாமல் போன கோப்புக்கு உரியவர் யார்? பினாங்கு பழுதுபார்ப்புக் கடை நாட்குறிப்பு

9 செப்டம்பர் 2025, செவ்வாய்

லிட்டில் இந்தியாவில் பூக்கடை வைத்திருக்கும் அக்கா, கடை திறந்ததும் திறக்காததுமாக மடிக்கணினியோடு வந்துவிட்டார். கணக்கு மென்பொருள் திறக்க மாட்டேன் என்கிறது. எம்எஸ்விசிபி140.டிஎல்எல் (டிஎல்எல் என்பது பல நிரல்கள் பகிர்ந்து பயன்படுத்தும் நூலகக் கோப்பு) கிடைக்கவில்லை, நிரலை மறுபடி நிறுவிப் பாருங்கள் என்று ஒரு பெட்டி வருகிறது. "தீபாவளி ஆர்டர் எல்லாம் இதுக்குள்ளதான் கிடக்கு தம்பி" என்றார்.

அவர் மகன் ஏதோ ஒரு தளத்தில் அதே பெயருள்ள கோப்பை இறக்கி, சிஸ்டம்32 ஃபோல்டருக்குள் போட்டிருக்கிறான். பிழை போகவில்லை. பிறகு சிஸ்வாவ்64 ஃபோல்டரிலும் போட்டிருக்கிறான். இப்போது பிழையே மாறி 0எக்ஸ்சி000007பி என்ற எண் வந்து நிற்கிறது.

பையனைக் குறை சொல்ல மாட்டேன். பெட்டி ஒரு கோப்பின் பெயரைச் சொன்னால் யாருமே அந்தக் கோப்பைத்தான் தேடுவார்கள். ஆனால் அது தனியாக அலையும் கோப்பில்லை. மைக்ரோசாஃப்டின் விஷுவல் சி பிளஸ் பிளஸ் ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் என்ற தொகுப்பில் பல கோப்புகளோடு சேர்ந்து வருவது. ஒன்றைக் காணவில்லை என்றால் பெரும்பாலும் அந்தத் தொகுப்பே அங்கு இல்லை, அல்லது கெட்டிருக்கிறது. ஒன்றைத் தேடிப் போட்டாலும் அடுத்து விசிரன்டைம்140 இல்லை என்று வரும்.

நிரல்களில் 32 பிட், 64 பிட் என்று இரண்டு வகை; ஒன்றின் கோப்பு மற்றதற்குப் பொருந்தாது. 64 பிட் விண்டோஸில் சிஸ்டம்32 என்பது 64 பிட் கோப்புகளின் இடம். 32 பிட் கோப்புகள் இருப்பது சிஸ்வாவ்64இல். பெயர்கள் தலைகீழாகத் தெரியும். பழைய நிரல்கள் சிஸ்டம்32 என்ற பாதையையே உள்ளுக்குள் எழுதி வைத்திருந்ததால் அந்தப் பெயரை மாற்ற முடியாமல் போயிற்று. அக்காவின் கணக்கு மென்பொருள் 32 பிட். அது சிஸ்டம்32ஐத் தேடினாலும் விண்டோஸ் சத்தமில்லாமல் சிஸ்வாவ்64க்குத் திருப்பிவிடும். அதனால்தான் பையன் முதலில் போட்ட கோப்பு அதன் கண்ணில் படவே இல்லை. இரண்டாவது இடத்தில் கண்ணில் பட்டது, ஆனால் இறக்கியது 64 பிட் கோப்பு. அந்தப் பொருத்தமின்மையைத்தான் 0எக்ஸ்சி000007பி சொல்கிறது.

அவன் போட்ட இரண்டையும் நீக்கினேன். வைரஸ் சோதனை ஓடவிட்டேன். மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து 2015 முதல் 2022 வரைக்குமான தொகுப்பை எக்ஸ்86 (32 பிட்), எக்ஸ்64 (64 பிட்) இரண்டும் இறக்கி நிறுவினேன். கணினி 64 பிட் என்பதால் எக்ஸ்64 மட்டும் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். 32 பிட் மென்பொருளுக்கு எக்ஸ்86 இல்லாமல் ஆகாது. மறுபடி தொடங்கியதும் ஆர்டர் பட்டியல் திறந்தது.

10 செப்டம்பர், புதன்

கடையில் வேலை பழகும் தம்பி கேட்டான்: "ஏண்ணே, ஒவ்வொரு மென்பொருளும் தனக்கு வேண்டியதத் தானே வெச்சிக்கிட்டா என்ன?"

நல்ல கேள்வி. சில மென்பொருள்கள் அப்படித்தான் செய்கின்றன. ஆனால் கோயில் அண்டாவை ஊர்க் கல்யாணங்களுக்கெல்லாம் எடுத்துப் புழங்குவது மாதிரி, ஒரே நூலகக் கோப்பைப் பல நிரல்கள் பகிர்ந்தால் வட்டில் இடம் மிச்சம், நினைவகமும் மிச்சம். அதைவிட முக்கியம், பாதுகாப்பு ஓட்டை ஒன்று தெரிந்தால் ஓரிடத்தில் அடைத்தால் போதும். இதற்குக் கொடுத்த விலையும் உண்டு. தொண்ணூறுகளில் புதிதாக நிறுவும் நிரல், பொதுக் கோப்பின் மேல் தன்னிடமிருந்த பழைய பதிப்பை எழுதிவிடும். அதுவரை ஒழுங்காக ஓடிய வேறொரு நிரல் விழும். டிஎல்எல் நரகம் என்றே அதற்குப் பெயர் விழுந்தது. விண்டோஸ் 2000 தன் சொந்தக் கோப்புகளைக் காக்கத் தொடங்கிய பிறகே கொஞ்சம் மூச்சு விட முடிந்தது.

விஷுவல் சி பிளஸ் பிளஸ் கோப்பின் பெயரில் உள்ள எண்ணைப் படிக்கவும் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தேன். 100 என்றால் 2010ஆம் ஆண்டுத் தொகுப்பு, 110 என்றால் 2012, 120 என்றால் 2013. 130 கிடையாது, அந்த எண்ணைத் தாண்டிவிட்டார்கள். 140 என்றால் 2015 தொடங்கி 2022 வரை எல்லாவற்றுக்கும் ஒன்றே. 140ஐ நிறுவிவிட்டு 120 கேட்கும் நிரல் ஓடும் என்று காத்திருக்கக் கூடாது.

16 செப்டம்பர், செவ்வாய்

மலேசியா தினம், கடை அடைப்பு. பக்கத்து வீட்டுப் பல்கலைக்கழக மாணவன் உபுண்டு (லினக்ஸ் வகை இயங்குதளம்) போட்ட மடிக்கணினியோடு வீட்டுக்கே வந்தான். ஆய்வகக் கருவிக்கான பழைய நிரல் ஒன்று லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.1.1ஐ, அதாவது ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மறையாக்க நூலகத்தின் கோப்பை, திறக்க முடியவில்லை என்கிறது. அவன் கணினியில் இருப்பது பெயரில் .3 என்று முடியும் புதிய கோப்பு. புதியதற்கே 1.1 என்று பெயர் வைத்து ஒரு இணைப்புக் கோப்பு உண்டாக்கிவிடலாமா என்று கேட்டான்.

வேண்டவே வேண்டாம் என்றேன். லினக்ஸ் நூலகத்தின் பெயரில் வரும் எண், அதை நம்பும் நிரலுக்குக் கொடுத்த வாக்கு. எண் மாறினால் உள்ளே இருக்கும் செயல்களும் அவற்றின் அமைப்பும் மாறியிருக்கின்றன. பெயரை மட்டும் ஏமாற்றினால் நிரல் திறக்காமல் போகலாம், அல்லது திறந்து பாதியில் விழலாம். பழைய உபுண்டுவின் தொகுப்பை இழுத்துவந்து திணிக்கவும் எனக்கு மனமில்லை; ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.1க்கான பொது ஆதரவு 11 செப்டம்பர் 2023இலேயே முடிந்துவிட்டது. நிரலைச் செய்தவர்களின் தளத்தில் தேடினோம். ஓப்பன்எஸ்எஸ்எல் 3க்கான புதிய பதிப்பு அங்கேயே இருந்தது.

அதை நிறுவியதும் இன்னொரு நூலகம் இல்லை என்றது. இந்த முறை கோப்பு கண் முன்னாலேயே இருக்கிறது! அவனே மூலநிரலிலிருந்து தொகுத்து யூஎஸ்ஆர் லோக்கல் லிப் ஃபோல்டரில் வைத்தது. நிரலுக்கு வேண்டிய நூலகங்களை வரிவரியாகக் காட்டும் எல்டிடி கட்டளையும் அந்த வரியில் 'இல்லை' என்றே காட்டியது. நிரலுக்கு நூலகங்களைத் தேடித் தரும் லினக்ஸின் ஏற்றி ஒவ்வொரு முறையும் வட்டு முழுக்கத் தேடுவதில்லை. முன்பே தயாரித்த ஒரு பட்டியலைத்தான் பார்க்கும். சுடோ (நிர்வாகி உரிமை) போட்டு எல்டிகான்ஃபிக் கட்டளை கொடுத்ததும் பட்டியல் புதுப்பிக்கப்பட்டு, நிரல் ஓடியது. எங்கிருந்தோ வந்த, நம்பிக்கையில்லாத நிரலை எல்டிடியால் சோதிக்காதே என்றும் சொல்லி அனுப்பினேன். சில சமயம் அந்தச் சோதனையே நிரலை இயக்கிவிடும்.

27 செப்டம்பர், சனி

பழைய விளையாட்டு, டி3டிஎக்ஸ்9_43 இல்லை. விளையாட்டுகளின் படத்துக்கும் ஒலிக்கும் உதவும் மைக்ரோசாஃப்டின் டைரக்ட்எக்ஸ் 12 இருக்கிறதே என்று அதைக் கொண்டுவந்த பையன் வாதாடினான். புதியதில் அந்தப் பழைய கோப்பு சேர்ந்து வராது. மைக்ரோசாஃப்டின் ஜூன் 2010 தொகுப்பைப் போட்டதும் சரி.

3 அக்டோபர், வெள்ளி

இன்று வந்த கணினியில் கெட்டிருந்தது விண்டோஸின் சொந்தக் கோப்பு. இதற்கு மட்டும்தான் விண்டோஸ் தன்னையே பழுதுபார்க்கும் கட்டளைகள்: டிஐஎஸ்எம் கட்டளையின் ரீஸ்டோர்ஹெல்த், அது முடிந்ததும் எஸ்எஃப்சி ஸ்கேன்நவ். எந்த டிஎல்எல் பிழைக்கும் இதையே மருந்தாகச் சொல்லும் காணொளிகளைப் பார்த்தால் ஆத்திரம் வருகிறது. விஷுவல் சி பிளஸ் பிளஸ் தொகுப்பையோ மூன்றாம் நபர் மென்பொருளின் கோப்பையோ எஸ்எஃப்சி கொண்டுவந்து கொடுக்காது. ஜனங்கள் மணிக்கணக்கில் காத்திருந்து ஏமாறுகிறார்கள்.

14 அக்டோபர், செவ்வாய்

விண்டோஸ் 10க்கு வழக்கமான ஆதரவு இன்றோடு முடிகிறது. சில வாரங்களாகப் புது மடிக்கணினிகள் வருகின்றன, கூடவே இந்தப் பிழையும். காரணம் ஒன்றுதான்: பழைய கணினியிலிருந்து நிரலின் ஃபோல்டரை மட்டும் பென்டிரைவில் நகலெடுத்துப் புதியதில் ஒட்டிவிடுகிறார்கள். நிறுவும் நிரலான நிறுவி ஓடினால்தான் கூட வரவேண்டிய தொகுப்புகள் வரும்.

மளிகைக்கடை அண்ணனின் லேபிள் அச்சிடும் மென்பொருளும் அப்படித்தான். நிறுவி இருந்த குறுந்தகடு எப்போதோ தொலைந்துவிட்டது. பிழைப் பெட்டி பெயர் சொன்ன கோப்போ நிரலின் ஃபோல்டரிலேயே பத்திரமாக இருக்கிறது. இப்படி வந்தால் அந்தக் கோப்பு நம்பியிருக்கும் வேறொன்று இல்லை என்று அர்த்தம். ஒரு கோப்பு எந்தெந்தக் கோப்புகளை நம்பியிருக்கிறது என்று காட்டும் டிபென்டன்சீஸ் என்ற இலவசக் கருவியில் அதைத் திறந்து தம்பியிடம் கொடுத்தேன். "அண்ணே, எம்எஸ்விசிஆர்120" என்றான். 2013ஆம் ஆண்டுத் தொகுப்பு, எக்ஸ்86. அவனே நிறுவினான். மஞ்சள்தூள் லேபிள் அச்சாகி வந்தது. என்ன தொகுப்பு போட்டோம் என்பதை ரசீதின் பின்புறம் எழுதிக் கொடுத்திருக்கிறோம். அண்ணனின் இரண்டாவது கணினி அடுத்த வாரம் வருகிறது.