பாக்கெட் துப்பாக்கி: கை உள்ளே போகும், வெளியே வருமா?

விரித்த கை பேன்ட் பாக்கெட்டுக்குள் வழுக்கிக்கொண்டு போய்விடும். துப்பாக்கியைப் பற்றிய முஷ்டி அப்படி வெளியே வராது. பானைக்குள் கைவிட்ட குரங்கின் பாடுதான். பாக்கெட் துப்பாக்கி எடுப்பதில் தடுமாறுகிறவர்களில் பெரும்பாலோர் சிக்குவது இங்கேதான், வேகத்தில் அல்ல.

கட்டைவிரலைப் பிடியைச் சுற்றி மடக்காதீர்கள். பிஸ்டலானால் ஸ்லைடின் (சுடும்போது பின்னே நகரும் மேல்பகுதி) பின்முனையிலும், ரிவால்வரானால் சுத்தியல் (தோட்டாவை வெடிக்கவைக்க அடிக்கும் பாகம்) இருக்கும் முதுகிலும் அதை ஒட்டி வையுங்கள். கையின் பருமன் குறையும். சுத்தியல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும் துணியில் மாட்டாது. துப்பாக்கி பாக்கெட்டைத் தாண்டிய பிறகு கட்டைவிரல் கீழே இறங்கட்டும்.

உறை இல்லாமல் பாக்கெட்டில் போடுவது தற்கொலைக்குச் சமம். விசையும் அதன் வளையமும் முழுக்க மூடியிருக்க வேண்டும். அதே பாக்கெட்டில் சாவி, சில்லறை, பேனா எதுவும் கூடாது. துப்பாக்கி வரும்போது உறை உள்ளேயே தங்க வேண்டும். பத்து முறை எடுத்துப் பாருங்கள். ஒருமுறை உறையும் கூடவே வந்தால் அந்த உறையோ அந்தப் பேன்ட்டோ சரியில்லை. கையைச் சற்றுப் பின்னோக்கி இழுத்து, உறையின் கொக்கியைப் பாக்கெட்டின் பின் விளிம்பில் மாட்டிவிட்டு மேலே தூக்குவது பல உறைகளுக்குப் பலிக்கும்.

பயிற்சிக்கு முன் தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிடுங்கள். பிஸ்டலில் முதலில் மேகசினை (தோட்டாக்கள் அடுக்கிய பெட்டி) கழற்றி, பிறகு குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறையைக் காலி செய்ய வேண்டும். வரிசை மாறினால் ஒரு தோட்டா உள்ளேயே உட்கார்ந்திருக்கும். கண்ணால் பார்த்து, விரலால் தடவி, இன்னொரு முறையும் பாருங்கள். குறிவைக்கும் சுவர் நிஜத் தோட்டாவைத் தாங்கக்கூடியதாக இருக்கட்டும்.

முதல் 20 முறை துப்பாக்கி வெளியே வரவே வேண்டாம். கை உள்ளே போய், பிடி சரியாக உட்கார்ந்ததா என்று மட்டும் பாருங்கள். அங்கே கோணலான பிடி வெளியே வந்து நேராகாது. அடுத்த 20 முறை முழுதாக, மெதுவாக. குழல்முனை பாக்கெட்டை முழுக்கத் தாண்டும்வரை நேர்மேலே. அதற்குப் பிறகுதான் முன்னே திரும்ப வேண்டும். அவசரப்பட்டு முன்கூட்டியே சாய்த்தால் முனை பாக்கெட் வாயில் மாட்டும். இடது கை நெஞ்சோடு ஒட்டியிருக்கட்டும், குழலுக்கு முன்னால் வரவே கூடாது. குறி பார்க்கும்வரை சுட்டுவிரல் விசையைத் தொடாமல் துப்பாக்கிச் சட்டத்தின் பக்கவாட்டில் நீட்டியபடி. கை ஏற்கெனவே பாக்கெட்டில் இருந்தால் 1.5 விநாடி நல்ல இலக்கு. வெளியிலிருந்து தொடங்கினால் 2.5 போதும். தினம் பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம், அலுத்த கை அசட்டையாகும்.

உட்கார்ந்தும் செய்து பாருங்கள், ஏமாற்றமாக இருக்கும். இடுப்பு மடங்கும் இடத்தில் துணி இறுகிவிடுகிறது. பின்னால் சாய்ந்து காலை நீட்டினால் கொஞ்சம் வழி கிடைக்கும். வண்டியில் அதிகநேரம் இருப்பவர்களுக்குப் பேன்ட் பாக்கெட் சரிப்படாது என்பது என் கருத்து. ஜாக்கெட் பாக்கெட் தேவலை. ஆனால் அதற்குள்ளிருந்தே சுடலாம் என்பது சுத்தியல் மூடிய ரிவால்வருக்கு மட்டும்தான். பிஸ்டலின் ஸ்லைடு துணியில் சிக்கி, முதல் குண்டோடு நின்றுவிடக்கூடும்.

பணம் பறிக்க வந்தவனின் துப்பாக்கி ஏற்கெனவே உங்களைப் பார்த்துக்கொண்டிருந்தால் 1.5 விநாடி என்பது ஒரு யுகம். அவன் விரல் அசைந்தால் போதும். பர்ஸை இடது பாக்கெட்டில் வைப்பது இதற்காகத்தான். இடது கையால் கொடுத்து, பக்கவாட்டில் நகர்ந்து, எடுக்காமலே நிற்பதையும் பயிற்சியில் சேருங்கள். பணத்தோடு அவன் போகிறானென்றால் துப்பாக்கி இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.

திரும்ப வைக்கும்போது பாக்கெட்டுக்குள் துழாவி நுழைக்காதீர்கள். உறையை வெளியே எடுத்து, துப்பாக்கியை அதில் செருகி, இரண்டையும் சேர்த்து உள்ளே விடுங்கள். வாரம் ஒருமுறை பஞ்சையும் நூலையும் குழல்முனையிலிருந்தும் மேகசினிலிருந்தும் துடைத்தெடுங்கள்.

பிஸ்டல்காரர்களுக்கு இன்னொன்று: பயிற்சிக்காகத் தினமும் இறக்கி, அதே தோட்டாவையே மறுபடி மறுபடி அறையில் ஏற்றினால் தோட்டாவின் முனையிலுள்ள குண்டு அதன் கூட்டுக்குள் மெல்ல அமுங்கும், சுடும்போது அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறலாம். பக்கத்தில் புதுத் தோட்டா ஒன்றை நிறுத்தி உயரத்தை ஒப்பிடுங்கள். குட்டையாகத் தெரிந்தால் அதை ஒதுக்கிவிடுங்கள்.