ஒன்பது பூனைகளுக்கு மணல் வாங்கும் கணக்கு

அக்டோபர் 6, 2024, ஞாயிறு

செப்டம்பர் மாதச் செலவுக் கணக்கை எழுதி முடித்தேன். வீட்டுக்குள் பூனைகள் காரியத்தை முடிக்கத் தட்டில் பரப்பி வைக்கும் பூனை மணலுக்கு மட்டும் 3,300 ரூபாய். வீட்டு அரிசிச் செலவை இது தாண்டிவிட்டது. தீனி, தடுப்பூசி, கருத்தடை அறுவை எல்லாம் தனி. இப்படியே போனால், அடுத்த முறை ஒரு குட்டி வாசலில் வந்து கத்தும்போது உள்ளே தூக்கிவரக் கை தயங்கும். அந்தத் தயக்கம் எனக்கு வரக் கூடாது. அதனால் இந்த மழைக்காலம் முடிவதற்குள் மணல் செலவுக்கு ஒரு வழி பார்த்துவிடுவது என்று உட்கார்ந்திருக்கிறேன். பார்ப்பதை எல்லாம் அவ்வப்போது இங்கே எழுதுகிறேன். நாலைந்து பூனைகளுக்கு மேல் வைத்திருப்பவர்களுக்குப் பயன்படும்.

கோவையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் காலி மனை இருந்தவரை இந்தச் செலவே கிடையாது. பூனைகள் அங்கே போய்ப் பள்ளம் பறித்து, காரியத்தை முடித்து, மூடிவிட்டு வந்துவிடும். இப்போது அங்கே அடுக்குமாடி எழும்பிவிட்டது. முன்பக்கம் பஸ் ஓடும் சாலை. எங்கள் பூனை சுந்தரியும் அவளுடைய மகனும் அந்தச் சாலையில் அடிபட்டு இறந்தபிறகு, ஜன்னல்களுக்கெல்லாம் வலை அடித்துவிட்டோம். இனி ஒன்பதும் வீட்டுக்குள்தான்.

அக்டோபர் 9

இப்போது வாங்குவது பென்டோனைட் களிமண். நம் நாட்டில் இது குஜராத்தின் கட்ச் பகுதியிலும் ராஜஸ்தானிலும் வெட்டி எடுக்கப்படுகிறது. பூனை மணலாக வெளிநாடுகளுக்கும் இங்கிருந்தே போகிறது. இதில் சோடியம் பென்டோனைட் என்ற வகை தண்ணீர் பட்டால் பல மடங்கு உப்பும். சிறுநீர் விழுந்த இடம் மட்டும் உருண்டு இறுகிவிடும். சல்லடைக் கரண்டியால் அதை மட்டும் அள்ளிப் போட்டால் மிச்சம் சுத்தமாக இருக்கும். நாம் பணம் கொடுப்பது இந்தக் குணத்துக்குத்தான். உருண்டை இறுகாமல் அள்ளும்போதே உடைகிற மணல் கிலோ எவ்வளவு மலிவாக இருந்தாலும் நஷ்டம். நாலே நாளில் தட்டு முழுவதையும் கொட்ட வேண்டியிருக்கும்.

ஆகவே கிலோ விலையைப் பார்த்து வாங்குவதில் பொருளில்லை. ஒரு நாளில் எவ்வளவு குப்பைக்குப் போகிறது என்பதே கணக்கு. எங்கள் வீட்டில் பென்டோனைட் ஒரு பூனைக்கு மாதம் ஆறு கிலோவுக்குச் சற்று மேல் ஆகிறது.

இன்று மொத்த வியாபாரி ஒருவரிடம் விசாரித்தேன். கடையில் 5 கிலோ பை 300 ரூபாய். இவரிடம் 25 கிலோ மூட்டை 900. வாசனை சேர்க்காத வெறும் மணல். லாவெண்டர், எலுமிச்சை மணமெல்லாம் நம் மூக்குக்காகச் சேர்ப்பது. மூக்கைத் தட்டுக்கு இரண்டு அங்குலம் மேலே வைத்துக் கிளறும் பூனைக்கு அது தொல்லை. அல்லி அந்த வாசனை மணலை ஒருமுறை முகர்ந்துவிட்டு நேராகக் கால்மிதியடிக்குப் போனவள். மூட்டையாக வாங்கினாலே மாதம் ஆயிரம் ரூபாய்க்கு மேல் குறையும். ஆனாலும் இதற்கும் கீழே போக முடியுமா என்று பார்க்க வேண்டும்.

அக்டோபர் 13, ஞாயிறு

மழை. மூட்டையை மாடிப்படிக்கு அடியில் அடுக்கிக்கொண்டிருந்தபோது அத்தை வந்து பார்த்தார். “மண்ணைக் காசு கொடுத்து வாங்குகிறாயா கண்ணு? எங்கள் காலத்தில் அடுப்புச் சாம்பலைப் பழைய தாம்பாளத்தில் கொட்டி வைப்போம். பூனை அதில்தான் போகும்” என்றார்.

அத்தை சொன்னது உலகம் முழுவதும் நடந்ததுதான். அமெரிக்காவிலும் சாம்பல், மணல், மரத்தூள் என்றுதான் வைத்துக்கொண்டிருந்தார்கள். 1947இல் மிச்சிகன் மாநிலத்தில் எட் லோ என்பவர், மணல் கேட்டு வந்த பக்கத்து வீட்டுப் பெண்ணிடம், தொழிற்சாலைத் தரையில் சிந்தும் எண்ணெயை உறிஞ்சப் பயன்படும் ஒருவகைக் களிமண்ணைக் கொடுத்து அனுப்பினார். பூனை மணல் வியாபாரம் பிறந்தது அதிலிருந்துதான். நாம் முகத்தில் பூசுகிற முல்தானி மட்டியும் அதே வகைக் களிமண்தான்.

சாம்பலை மட்டும் அத்தையிடம் மறுத்துவிட்டேன். விறகுச் சாம்பல் காரத்தன்மை உடையது. ஈரம் பட்டால் பாதத்தை அரிக்கும். அதே பாதத்தைத்தான் பூனை நக்கும். அதோடு, காரம் கூடினால் சிறுநீரிலிருந்து அம்மோனியா இன்னும் வேகமாகக் கிளம்பும். திறந்த முற்றத்தில் ஒரு பூனைக்குச் சரியாக வந்தது, மூடிய வீட்டில் ஒன்பதுக்கு வராது.

அக்டோபர் 17

பொள்ளாச்சிப் பக்கத்துத் தோழி தென்னை நார்த்தூள் கட்டி ஒன்று கொடுத்து அனுப்பினாள். அமுக்கிச் செங்கல் போலச் செய்த ஐந்து கிலோக் கட்டி. விலை நூறு ரூபாயைச் சற்றுத் தாண்டும். தண்ணீர் ஊற்றினால் பெரிய அண்டா நிறைய உதிர்ந்துவிடும். அதைப் பரப்பி, உலர்த்தி, இரண்டு தட்டுகளில் போட்டேன்.

பூனைகளுக்கு மிகவும் பிடித்துவிட்டது. காலடியில் மெத்தென்று இருக்கிறது, தோண்ட எளிது. நாற்றத்தையும் நன்றாகவே பிடித்துக்கொள்கிறது. குட்டிகள் வாயில் போட்டுக்கொண்டாலும் பென்டோனைட் போல வயிற்றில் இறுகிவிடும் பயமில்லை. இவ்வளவு நல்ல குணம் இருந்தும் எங்கள் வீட்டுக்கு இது ஆகாது. நனைந்த தூளும் நனையாத தூளும் ஒரே பழுப்பு நிறம். எது சிறுநீர் பட்ட இடம் என்றே தெரிவதில்லை. ஆகவே மூன்று நாளுக்கு ஒருமுறை தட்டு முழுவதும் போகிறது. வெள்ளைப் பூனை முத்துவின் நாலு கால்களும் முழங்கால் வரை காபி நிறமாகிவிட்டன. மெத்தையில், சோபாவில், அத்தையின் பூஜை அறை வாசலில் எங்கும் பழுப்புத் தடம்.

ஒன்றிரண்டு பூனைகளும் மொட்டை மாடியில் வெயிலும் இருப்பவர்கள் தாராளமாக வாங்கலாம். மீந்த கட்டியைக் குட்டிகள் வரும் நாளுக்காக எடுத்து வைத்திருக்கிறேன்.

நெல் உமி உறிஞ்சாது. ஆற்று மணலும் எம்-சாண்டும் அப்படியே. நாற்றம் அடியில் தேங்கிவிடும். மரக்கடைத் தூள் மலிவு, ஆனால் தும்மல் நிற்காது. இவற்றைப் பற்றி இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

அக்டோபர் 20, ஞாயிறு

இன்று பார்த்ததுதான் இந்த மாதத்தின் நல்ல சேதி. மரத்தூள் குச்சிகள். இந்தப் பக்கத்து ஆலைகளின் கொதிகலன்களுக்கு எரிபொருளாகப் போகிறவை. மரத்தூளைச் சூட்டிலும் அழுத்தத்திலும் இறுக்கி, எட்டு மில்லிமீட்டர் தடிமனில் சிறு குச்சிகளாகத் தள்ளுகிறார்கள். மரத்திலேயே இருக்கும் லிக்னின் சூட்டில் இளகிப் பசை போலப் பிடித்துக்கொள்கிறது. வேறு பசை தேவையில்லை. கிலோ 14 ரூபாய்.

எரிபொருள் என்பதால் எல்லாவற்றையும் கேட்டுத்தான் வாங்க வேண்டும். சில இடங்களில் கடலைத் தோலையும் மற்ற பண்ணைக் கழிவுகளையும் சேர்ப்பார்கள். நான் போய்ப் பார்த்த கிடங்குக்காரர், பைன் மரப் பெட்டிகளை அறுத்த தூள் என்றார். “எந்த முத்திரை போட்ட பெட்டிகள் அண்ணா?” என்று கேட்டேன். கப்பலில் வரும் மரப் பெட்டிகளில் ‘எச்டி’ என்றிருந்தால் சூடேற்றிப் பூச்சி நீக்கியது, ‘எம்பி’ என்றிருந்தால் மீதைல் புரோமைடு நச்சுப்புகை பிடித்தது. அவர் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கிடங்குக்குள் கூட்டிக்கொண்டு போய்ப் பெட்டிப் பலகைகளைக் காட்டினார். எல்லாம் எச்டி.

வீட்டுக்கு வந்ததும் ஒரு கைப்பிடிக் குச்சிகளை எவர்சில்வர் டம்ளரில் போட்டு வெந்நீர் ஊற்றினேன். முதலில் பளபளப்பு போயிற்று. பிறகு முனைகள் விரிந்து, நுனியிலிருந்து இதழ் இதழாகப் பிரிந்தன. அடுப்பில் பால் பொங்குவதற்குள் டம்ளர் விளிம்பு வரை ஈரத் தூள். தண்ணீர் சொட்டுக்கூட மிச்சமில்லை. பச்சை மர வாசனை தவிர வேறு வாடை வரவில்லை. கரையாமல் கட்டியாக நிற்கும் குச்சியானால் அதில் ஏதோ கலந்திருக்கிறது என்று விட்டுவிட வேண்டும்.

அக்டோபர் 24

குச்சிக்கு உருண்டை கிடையாது. சிறுநீர் பட்டது தூளாகும், படாதது குச்சியாகவே கிடக்கும். ஆகவே இரண்டு பிளாஸ்டிக் டப்புகளை ஒன்றுக்குள் ஒன்று வைத்து, மேல் டப்பின் அடியில் ஐந்து மில்லிமீட்டர் துளைகள் போட்டுத் தந்தார் என் கணவர். காலையில் ஒரு குலுக்கு. தூள் கீழே இறங்கிவிடும், குச்சி மேலே தங்கும். கடையில் இதே அமைப்பைக் கேட்டால் ஒரு தட்டுக்கு ஆயிரத்துக்கு மேல் சொல்கிறார்கள்.

பூனைகளைப் பழக்கத்தான் பொறுமை வேண்டும். அடியில் குச்சி, மேலே பழைய மணல். நாளுக்கு நாள் மணலைக் குறைத்துக்கொண்டு வருகிறேன். இளசுகள் உடனே ஏறிவிட்டன. பதினோரு வயது அல்லிக்கு மட்டும் குச்சி காலில் குத்துகிறது போலும். விளிம்பில் முன்னங்கால்களை வைத்து நின்று, என்னைப் பார்த்துக் கத்தினாள். அவளுக்கு மணல் தட்டு நிரந்தரமாக இருக்கும். வயதானவளிடம் சிக்கனம் பேச மாட்டேன்.

அக்டோபர் 31, தீபாவளி

வெடிச் சத்தத்தில் ஒன்பதும் படுக்கையறைக் கட்டிலுக்கு அடியில். ஹாலில் இருந்த தட்டுகளுக்கு எதுவும் வரவில்லை. இரண்டு தட்டுகளை உள்ளே கொண்டுவந்து வைத்த பிறகுதான் கருப்பன் முதலில் இறங்கினான்.

பூனைகளின் எண்ணிக்கைக்கு ஒன்று கூடுதலாகத் தட்டு வைக்க வேண்டும் என்பார்கள் மருத்துவர்கள். பத்துத் தட்டுக்கு எங்கள் வீட்டில் இடமில்லை, ஏழு வைத்திருக்கிறோம். ஆனால் ஏழையும் ஒரே மூலையில் வரிசையாக வைத்தால் பூனைக்கு அது ஒரே இடம்தான். ஒரு முரடன் வழியில் படுத்துக்கொண்டால் மற்றவை போக முடியாது. ஐந்து வெவ்வேறு இடங்களில் பிரித்து வைத்திருக்கிறேன்.

நவம்பர் 4

பூசணி, எங்கள் ஆரஞ்சு நிறக் கடுவன், காலையிலிருந்து ஹாலில் இருக்கும் மணல் தட்டுக்குப் போவதும் வருவதுமாக இருந்தான். உட்கார்ந்தான், முக்கினான், எழுந்தான், மறுபடி உட்கார்ந்தான். அவன் எழுந்த இடத்தைக் கரண்டியால் துழாவினேன். வழக்கமாக என் உள்ளங்கை அளவு உருண்டை இருக்கும். இன்று கிடைத்தது புளியங்கொட்டை அளவில் ஒன்றே ஒன்று. அதில் இளஞ்சிவப்பு.

உடனே தூக்கிக்கொண்டு ஓடினோம். ஆண் பூனையின் சிறுநீர்ப் பாதை மிகக் குறுகல். நுண்கற்களோ சளிபோன்ற கசடோ அடைத்துவிட்டால் சிறுநீர் உள்ளேயே தேங்கும்; ரத்தத்தில் பொட்டாசியம் ஏறும்; இதயம் நின்றுவிடும். ஒன்றிரண்டு நாளில் முடிந்துவிடக்கூடிய விஷயம். மயக்கம் கொடுத்து, குழாய் போட்டு, கழுவி எடுத்தார்கள். “காலையிலேயே எப்படியம்மா கண்டுபிடித்தீர்கள்?” என்று டாக்டர் கேட்டார். மணல் உருண்டையைச் சொன்னேன். தலையாட்டினார்.

பூசணி ட்ரிப்ஸுடன் அங்கேயே இருக்கிறான். நான் வீட்டுக்கு வந்துவிட்டேன், தூக்கம் வரவில்லை. குச்சித் தட்டில் அவன் உட்கார்ந்திருந்தால் எனக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. தூள் தூளாகவே இருந்திருக்கும்.

நவம்பர் 7

பூசணி வந்துவிட்டான். ஈரத் தீனி, நிறையத் தண்ணீர், மருந்து. வந்ததும் மணலில் போய் உட்கார்ந்து, முழு அளவில் ஓர் உருண்டை. அதை அள்ளும்போது எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

நவம்பர் 15

ஏற்பாட்டை முடிவு செய்தேன். நான்கு ஆண்களும் அல்லியும் புழங்கும் ஹாலிலும் பெரிய அறையிலும் பென்டோனைட், மூன்று தட்டுகள். மாடியிலும் பின்கட்டிலும் மரக்குச்சி, நான்கு தட்டுகள். ஆண்களை இரவில் ஹால் பக்கம் அடைத்துவிடுகிறேன். யாருக்கு என்ன உருண்டை வந்தது என்று காலையில் பார்த்துவிடலாம். மாதம் ஒரு மூட்டைக்குச் சற்றுக் கூடுதலாகப் பென்டோனைட், 1,100 ரூபாய். குச்சி முப்பது கிலோ, 420 ரூபாய். மொத்தம் 1,520. செப்டம்பர் செலவில் பாதிக்கும் கீழே.

இதற்கும் கீழே போக வழி இருக்கிறது: எல்லாத் தட்டிலும் குச்சி போட்டால் தொள்ளாயிரத்துக்குள் முடியும். கடுவன்கள் இருக்கும் வீட்டில் அதை நான் செய்ய மாட்டேன்.

நாத்தனார் அடுத்த வாரம் பிரசவத்துக்கு வருகிறாள். “பூனை வீட்டில் கர்ப்பிணி இருக்கலாமா?” என்று அத்தைக்குக் கவலை. வயிற்றுக் குழந்தையைப் பாதிக்கக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா கிருமி பூனை மலத்தில் வெளிவந்தாலும், அது தொற்றும் நிலைக்கு முதிர ஒரு நாளாவது ஆகும். தினமும் அள்ளிவிட்டால் ஆபத்து மிகவும் குறைகிறது. அவள் தட்டைத் தொட வேண்டாம், நான் காலையும் மாலையும் அள்ளுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அதே காரணத்தால் இந்தத் தூளைக் கீரைப் பாத்தியில் போடுவதில்லை. மலத்தைத் தனியே கட்டிக் குப்பையில் போட்டுவிட்டு, மரத்தூளை மட்டும் செம்பருத்தி, அரளிக்கு அடியில் மட்க வைக்கிறோம். பென்டோனைட்டைக் கழிப்பறையில் கொட்டவே கூடாது. குழாய்க்குள் போயும் உப்பும்.

தட்டு கழுவப் பினாயில் வேண்டாம். பூனையின் கல்லீரலால் பீனால் வகைகளைச் சரியாக வெளியேற்ற முடியாது. பிளீச்சிங் பவுடரும் சிறுநீரும் கலந்தால் நச்சு வாயு. சோப்பு, வெந்நீர், வெயில் போதும்.

நவம்பர் 24, ஞாயிறு

மழைக் காற்றில் குச்சிகள் மூட்டையிலேயே உதிர ஆரம்பித்தன. மூடியுள்ள நீல டிரம் ஒன்று 350 ரூபாய்க்கு வாங்கி அதில் மாற்றிவிட்டோம். தெருக்கோடியில் பதினைந்து பூனைகளுக்குச் சோறு வைக்கும் அக்கா குச்சியைப் பார்த்துவிட்டுத் தனக்கும் வேண்டும் என்றார். இரண்டு வீட்டுக்கும் சேர்த்து இருநூறு கிலோ எடுத்தால் கிலோ 12 ரூபாய்க்குத் தருவதாகக் கிடங்குக்காரர் சொல்லியிருக்கிறார். வியாழக்கிழமை வண்டி வருகிறது.